வெளியேற்றுவதைவிட மீட்டெடுப்பதே பெரிய வேலை

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் நீர் ஏறக்குறைய 180 லிட்டர். அதில் சிறுநீராக வெளியே போவது சராசரியாக ஒன்றரை லிட்டர். உணவுப்பாதைக்குள் ஒரு நாளில் வந்து சேரும் திரவம் சுமார் 9 லிட்டர். மலத்தோடு போவது 100 முதல் 200 மில்லி லிட்டர்தான். ரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் நாள்தோறும் லிட்டர் கணக்கில் நீர் கசிகிறது. கூடவே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் புரதமும் கசிகிறது. ஆனாலும் ஆரோக்கியமான ஒருவரின் கைகால்கள் அதனால் வீங்கிப்போவதில்லை. கசிந்தது அத்தனையும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

பள்ளிப் பாடத்தில் இவை மூன்றும் மூன்று தனி அத்தியாயங்கள். செரிமான மண்டலம் உணவை உடைக்கிறது, சிறுநீர் மண்டலம் கழிவை நீக்குகிறது, நிணநீர் மண்டலம் கிருமிகளை எதிர்க்கிறது என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மேலே சொன்ன அளவுகளைப் பார்த்தால், இந்த மூன்று மண்டலங்களும் தங்கள் உழைப்பின் பெரும்பகுதியை எதில் செலவிடுகின்றன என்பது தெரியும். உடல் தானே வெளியே விட்ட நீரையும் உப்பையும் புரதத்தையும் திரும்பப் பெறுவதில்தான் அந்த உழைப்பு போகிறது. குடலுறிஞ்சி ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது, சிறுநீரகத்தின் வடிகுழலான நெஃப்ரான் ஏன் அப்படி வளைந்து திரும்புகிறது, திசுக்களில் கசிந்த நீரைத் திருப்பிக் கொண்டுவரும் நிணநாளத்துக்கு எதற்கு அத்தனை வால்வுகள் என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு நோக்கிலிருந்து விடை கிடைக்கிறது. நோய்களும் அப்படித்தான். வயிற்றுப்போக்கு, கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் மூன்றும் வேறு வேறு உறுப்புகளின் முறையீடுகள் என்றாலும், பெரும்பாலும் எங்கோ ஒரு மீட்பு தடைபட்டிருப்பதைத்தான் சொல்கின்றன.

உணவுப்பாதை: ஏழு லிட்டர் கடன்

உணவுப்பாதைக்கு வரும் 9 லிட்டரில் நாம் குடித்ததும் தின்றதும் கொண்டுவருவது சுமார் 2 லிட்டர். மீதி 7 லிட்டரும் உடலே சுரப்பது. உமிழ்நீர் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், இரைப்பை நீர் இரண்டு லிட்டருக்கு மேல், கணைய நீர் ஒரு லிட்டருக்குக் குறையாமல், பித்தநீர் அரை முதல் ஒரு லிட்டர், குடல் சுவரே சுரப்பது இன்னும் ஒரு லிட்டர் அளவில். ரத்தத்தின் பிளாஸ்மா மொத்தமே 3 லிட்டர்தான். அதைப் போல் இரு மடங்குக்கு மேல் நீரைத் தினமும் குடலுக்குள் கொட்டுகிறோம். இவ்வளவு துணிச்சலாகக் கொட்ட முடிவதற்குக் காரணம், அது திரும்ப வந்துவிடும் என்பதுதான்.

ஏன் கொட்ட வேண்டும்? நொதிகள் நீரில்தான் வேலை செய்யும். ஸ்டார்ச்சும் புரதமும் நீர் சேர்ந்தால்தான் உடையும். இரைப்பையின் அமிலம் பி.எச். 1.5 முதல் 2 வரை கடுமையானது. அதை அப்படியே சிறுகுடலுக்குள் விட்டால் சுவர் புண்ணாகும். இரைப்பை தன்னைப் பைகார்பனேட் கலந்த சளிப்படலத்தால் காத்துக்கொள்கிறது. முன்சிறுகுடலுக்கு அவ்வளவு தடித்த காப்பு இல்லை. ஆகவே இரைப்பையின் கீழ்வாய்ச் சுருக்குத்தசை கூழைச் சிறிது சிறிதாகவே இறக்குகிறது. இறங்கியதும் கணையம் கார நீரைப் பாய்ச்சி அமிலத்தைத் தணிக்கிறது.

அமிலம் வந்துவிட்டது என்று கணையத்துக்கு யார் சொல்வது? நரம்பு சொல்கிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1902இல் லண்டனில் வில்லியம் பேலிஸும் எர்னெஸ்ட் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அந்தத் துண்டுக்குள் அமிலம் செலுத்தினார்கள். கணையம் சுரந்தது. உடனே ஸ்டார்லிங் இன்னொரு குடல் துண்டின் உட்சுவரைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி, ரத்தத்தில் செலுத்தினார். கணையம் மறுபடியும் சுரந்தது. குடல் சுவரிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் ரத்தத்தின் வழியே போய்ச் சேதி சொல்கிறது என்பது அன்று உறுதியானது. அதற்கு ‘செக்ரிட்டின்’ என்று பெயரிட்டார்கள். ஹார்மோன் என்று அடையாளம் காணப்பட்ட முதல் பொருள்களில் அதற்கே முதலிடம். ஸ்டார்லிங்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிணநீரைப் பேசும்போதும் சிறுநீரகத்தைப் பேசும்போதும் அவர் மீண்டும் வருவார். இந்த மூன்று மண்டலங்களையும் ஒரே மனிதர் தொட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உடலின் நீர் எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது என்பதைத் தொடர்ந்து கேட்டவர் அவர்.

இனி மீட்பு நடக்கும் இடத்துக்கு வருவோம். சிறுகுடலின் உட்சுவர் முதலில் வட்ட மடிப்புகளாக மடிந்திருக்கிறது. மடிப்புகளின் மேல் ஒரு மில்லி மீட்டர் உயரம்கூட எட்டாத குடலுறிஞ்சிகள் அடர்ந்து நிற்கின்றன. ஒவ்வோர் உறிஞ்சியையும் போர்த்தியிருக்கும் செல்களின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறிஞ்சிகள் ஆயிரக்கணக்கில். இந்தப் பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பல பாடநூல்கள் எழுதிவந்தன. 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் கவனமாக அளந்து, உணவுப்பாதை முழுவதற்கும் சேர்த்தே சுமார் 30 சதுர மீட்டர்தான் என்று கண்டார்கள். எண் சுருங்கினாலும் வியப்பு குறையவில்லை. ஒரு சிறு அடுக்கக வீட்டின் தரையளவு பரப்பு, மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை தன் செல்களை முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கிறது.

அந்தச் செல்லின் மேற்புறத்தில் ஒரு புரதம் பதிந்திருக்கிறது. அது சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். ஒன்று மட்டும் வந்தால் அசையாது. இரண்டும் செல்லுக்குள் போனதும் நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. நீரை நேராக இழுக்கும் பம்பு உடலில் எங்கும் இல்லை. உப்பை நகர்த்தினால் நீர் தானாக வரும் என்பதே குடலிலும் சிறுநீரகத்திலும் உள்ள ஒரே வழி. சோடியமும் குளுக்கோஸும் இணைந்து கடக்கின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராகில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தார்.

அன்று அது செல் உயிரியலின் ஒரு நுணுக்கம். காலரா அதை உயிர்காக்கும் அறிவாக்கியது. காலரா கிருமியின் நச்சு குடல் செல்களைக் கொல்வதில்லை. அவற்றின் குளோரைடு வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. குளோரைடு வெளியே கொட்ட, சோடியமும் நீரும் அதன் பின்னே போகின்றன. கடுமையான நோயில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூடப் போய்விடும். ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் இணைத்து எடுக்கும் அந்தப் புரதத்தை நச்சு தொடுவதில்லை. கொட்டும் வாயில் திறந்தே இருந்தாலும் மீட்கும் வாயில் பழுதில்லாமல் இருக்கிறது. சரியான அளவில் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் உடல் அதை எடுத்துக்கொள்ளும்.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர நகரமான பங்காவின் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களே எடுத்துக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி அறிவித்த கரைசலில் ஒரு லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் அதே 75 மில்லிமோல். அதனால்தான் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுக்குத் துல்லியமாக நீர் சேர்க்கச் சொல்கிறார்கள். நீர் குறைந்தால் கரைசல் செறிவாகி, குடலுக்குள்ளேயே நீரை இழுக்கும்; உப்பு அளவுக்கு மீறும். ஒரு குழந்தைக்கு அது ஆபத்து.

பித்தநீரும் மீட்புக்கு நல்ல உதாரணம். கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதறவைக்கும் பித்த உப்புகளைக் கல்லீரல் வீணாக விடுவதில்லை. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுமார் 95 சதவீதம் உறிஞ்சப்பட்டு, கல்லீரலுக்குத் திரும்பி, மறுபடி பித்தநீரில் வருகிறது. ஒரே நாளில் இந்தச் சுற்று பல முறை நடக்கும். நோயினால் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தவர்களுக்குப் பித்த உப்பு பெருங்குடலுக்குள் இறங்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வைட்டமின் பி12ம் அதே இடத்தில்தான் உறிஞ்சப்படுகிறது என்பதால் அவர்களுக்கு அதை ஊசியாகத் தர வேண்டியிருக்கும். பெருங்குடலுக்கு வந்து சேர்வது சுமார் ஒன்றரை லிட்டர் கூழ். அங்கே மிச்ச நீரும் உப்பும் எடுக்கப்படுகின்றன. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை உடைத்துத் தரும் சிறு கொழுப்பு அமிலங்களும் பெருங்குடலுக்கு உணவாகின்றன.

வெள்ளை நாளங்கள்

உறிஞ்சிய சர்க்கரையும் அமினோ அமிலங்களும் குடலுறிஞ்சிக்குள் இருக்கும் ரத்த நுண்குழாய்களில் நுழைந்து, வாயிற்சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு அப்படிப் போக முடியாது. குடல் செல் அதைப் புரதத்தோடு சேர்த்து உருண்டைகளாகக் கட்டுகிறது. ‘கைலோமைக்ரான்’ எனப்படும் இந்த உருண்டைகள் ரத்த நுண்குழாயின் சுவருக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. அவற்றுக்காகவே ஒவ்வோர் உறிஞ்சியின் நடுவிலும் முனை மூடிய ஒரு நிணக்குழல் நிற்கிறது. வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவையும் கொழுப்போடு சேர்ந்து இந்த வழியில்தான் போகின்றன.

இதை முதலில் கண்டு எழுதியவர் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி. 1622 ஜூலை 23 அன்று, நன்றாகத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை இழைகள் பரவியிருப்பதைக் கண்டார். நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்ட, பால் போன்ற திரவம் பீறிட்டது. வெறும் வயிற்றோடு இருந்த நாயில் பார்த்தால் அந்த இழைகளே தெரியவில்லை. தின்னவைத்துப் பார்த்தபோது மறுபடி தெரிந்தன. உணவோடு தொடர்புடையவை என்பதை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். அவை கல்லீரலுக்குப் போகின்றன என்று எழுதியது மட்டும் பிழை. அவரது நூல் அவர் மறைவுக்குப் பின் 1627இல் அச்சானது. 1651இல் பிரான்சின் ஜான் பெக்கே, அந்த வெள்ளைத் திரவம் வயிற்றின் பின்சுவரில் ஒரு பையில் சேர்ந்து, முதுகெலும்பை ஒட்டி மேலேறி, கழுத்தடிச் சிரையில் கலப்பதைக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலினும் சுவீடனின் ஒலாஃப் ருட்பெக்கும் குடலில் மட்டுமல்ல, உடலெங்கும் இத்தகைய நாளங்கள் இருப்பதைத் தனித்தனியே கண்டார்கள்.

உடலெங்கும் அவை இருக்கக் காரணம், உடலெங்கும் கசிவு இருப்பதுதான். ரத்த அழுத்தம் நுண்குழாயிலிருந்து நீரை வெளியே தள்ளுகிறது. பிளாஸ்மாவில் உள்ள அல்புமின் என்ற புரதம் நீரை உள்ளே பிடித்து இழுக்கிறது. இந்த இழுபறியை 1896இல் விளக்கியவர் அதே ஸ்டார்லிங். அதிலிருந்து ஒரு கணக்கு பாடநூல்களில் நிலைத்தது: நாளொன்றுக்கு 20 லிட்டர் கசிகிறது, 17 லிட்டர் நுண்குழாயின் சிரைப் பக்கத்திலேயே திரும்புகிறது, மிச்சம் 3 லிட்டர் நிணநீராகிறது. பின்னாளில் நுட்பமாக அளந்தவர்கள் இதைத் திருத்தினார்கள். நுண்குழாயின் உட்சுவரில் உள்ள மெல்லிய சர்க்கரைப் படலத்தையும் கணக்கில் எடுத்தால், பெரும்பாலான திசுக்களில் சிரைப் பக்கத்திலும் நீர் தொடர்ந்து உள்ளே வருவதில்லை. லெவிக், மிஷெல் என்ற இரு உடலியங்கியலாளர்கள் 2010இல் இதைத் தொகுத்து எழுதினார்கள். அதன்படி, கசிந்ததில் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவருவது நிணநாளங்களே. குடலும் சிறுநீரகமும் போன்ற உறிஞ்சுவதற்கென்றே அமைந்த திசுக்கள்தான் விதிவிலக்கு. பல பாடநூல்களில் பழைய கணக்கே இன்னும் நிற்கிறது. நிணநீரை ஏதோ உபரி வடிகால் என்று நினைக்கும் பழக்கம் போவதற்காகவாவது அது மாற வேண்டும் என்பது என் விருப்பம்.

நீரைவிடப் புரதத்தின் மீட்பு இன்னும் முக்கியம். திசுவுக்குள் கசிந்த புரதத்துக்கு ரத்த நுண்குழாய்க்குள் நேரடியாகத் திரும்பும் வழி கிடையாது. பிளாஸ்மாவில் சுற்றும் புரதத்தில் கிட்டத்தட்டப் பாதி அளவு ஒரே நாளில் கசிந்து நிணநாளம் வழியே மீள்கிறது என்கிறது உடலியங்கியல். இந்த மீட்பு முழுக்க நின்றால் ஒரு நாளைத் தாண்டுவது கடினம். ரத்தத்தில் நீரைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது.

ஆரம்ப நிணக்குழலை நெருங்கிப் பார்த்தால் இந்த வேலைக்கான அமைப்பு புரியும். அதன் முனை மூடியிருக்கிறது. சுவரின் செல்கள் ஒன்றன் விளிம்பின் மேல் இன்னொன்று படிந்திருக்கின்றன. அந்த விளிம்புகள் உள்ளே மட்டும் திறக்கும். வெளிப்புறத்தில் நுண்ணிய இழைகள் செல்களைச் சுற்றியுள்ள திசுவோடு கட்டியிருக்கின்றன. திசுவில் நீர் சேர்ந்து உப்பினால் இழைகள் இழுபட்டு இடைவெளிகள் திறக்கின்றன. நீரும் புரதமும், கிருமி இருந்தால் அதுவும், உள்ளே போகின்றன. உள்ளே போனது வெளியே வர முடியாது. பெரிய நாளங்களில் வால்வுக்கு வால்வு ஒரு சிறு அறை. அதன் சுவரில் உள்ள மென்தசை நிமிடத்துக்குச் சில முறை தானாகச் சுருங்கி நிணநீரை முன்னே தள்ளுகிறது. கை கால் அசைவும் மூச்சும் துணை செய்கின்றன. நீண்ட பயணத்தில் அசையாமல் உட்கார்ந்தால் பாதம் கனப்பது இதனால்தான்.

வழியில் நிணநீர்க் கணுக்கள். உடலில் சுமார் 600 என்பது பொதுவான கணக்கு; ஆளுக்கு ஆள் மாறும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும், தொண்டை அழற்சியில் தாடைக்குக் கீழே உருண்டை தட்டுப்படுவதும் அந்தப் பகுதியின் நிணநீர் வந்து சேரும் கணு வேலையில் இறங்கிவிட்டதன் அடையாளம். கிருமியின் துண்டுகளைக் கொண்டுவரும் செல்கள் அங்கே லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைச் சந்திக்கின்றன, பொருந்தும் செல் பெருகுகிறது, கணு வீங்குகிறது. நோய் எதிர்ப்பு இந்த மண்டலத்தில் அமைந்ததற்குக் காரணமும் மீட்புதான். உடலின் எல்லா மூலைகளிலிருந்தும் திரும்பும் நீர் இந்த வழியே வரும்போது, அதைச் சோதிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மண்ணீரல் இதே சோதனையை ரத்தத்தில் செய்கிறது. டான்சில்களும் சிறுகுடல் சுவரில் உள்ள ‘பேயர் திட்டுகள்’ எனப்படும் நிணத்திசுத் திட்டுகளும் வாய் வழியே வருவதைச் சோதிக்கின்றன. வலி இல்லாமல், கெட்டியாக, வாரக்கணக்கில் குறையாமல் நிற்கும் நெறியை மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கால்கள், வயிறு, இடது கை, தலையின் இடப்பாதி ஆகியவற்றின் நிணநீர் மார்பு நாளத்தில் சேர்ந்து இடது கழுத்தடிச் சிரையில் கலக்கிறது. வலது கை, வலது மார்பு, தலையின் வலப்பாதிக்கு மட்டும் வலப்பக்கத்தில் ஒரு சிறு நாளம். மூளையைப் போர்த்திய சவ்விலும் நிணநாளங்கள் செயல்படுகின்றன என்பதை இரண்டு ஆய்வுக்குழுக்கள் உறுதிசெய்தது 2015இல்தான்.

இந்த மீட்பு நின்றால் என்ன ஆகும் என்பதை யானைக்கால் நோய் காட்டுகிறது. நூற்புழுக்கள் நிணநாளங்களில் குடியேறி வால்வுகளைச் சிதைக்கின்றன. கொசு இந்தப் புழுவைச் சுமக்கிறது என்று பேட்ரிக் மேன்சன் 1877இல் கண்டார். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை வீங்குவதும் இதே காரணத்தால். சாதாரண நீர் வீக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே தேங்குவது புரதம் நிறைந்த நீர். அது நாளடைவில் திசுவைத் தடிக்கவைத்துத் தோலைக் கெட்டியாக்கும். சிறுநீர் பெருக்கும் மாத்திரையால் இது கரையாது. அழுத்தக் கட்டும், முறையான உடற்பயிற்சியும், தோலில் சிறு கீறல்கூட வராமல் காப்பதும்தான் உதவும்.

மூன்று மண்டலங்களும் ஒரே இடத்தில் வெளிப்படும் ஒரு நோய்நிலையும் உண்டு. நூற்புழுத் தொற்று கண்ட சிலருக்கு, வயிற்றின் பின்சுவரில் நிணநாளங்கள் அடைபட்டுப் புடைத்து, சிறுநீர்ப் பாதைக்குள் வெடித்துத் திறந்துவிடும். குடல் உறிஞ்சிய கொழுப்பு, மார்பு நாளத்துக்குப் போக வேண்டியது, சிறுநீரில் இறங்குகிறது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு சிறுநீர் பால் நிறத்தில் போகும். சிறுநீரகம் பழுதில்லாமல் இருந்தும் நோயாளி மெலிவார். உறிஞ்சப்பட்ட கொழுப்பும் புரதமும் உடலுக்குச் சேரவில்லை.

சிறுநீரகம்: எல்லாவற்றையும் விட்டு, வேண்டியதை எடுப்பது

ஒவ்வொன்றும் 150 கிராம் அளவுள்ள இரு சிறுநீரகங்கள், இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பெறுகின்றன. எடையில் உடலின் அரை சதவீதம்கூட இல்லாத உறுப்புகளுக்கு இது பெரிய ஒதுக்கீடு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரானின் தலையில் குளோமருலஸ் என்ற நுண்குழாய்ச் சுருள். அதன் சுவர் மூன்று அடுக்கு. வெளி அடுக்கில் கால்களை விரித்துப் பின்னிக்கொண்ட செல்கள், இடையே மெல்லிய பிளவுகள். நீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் கடக்கும். ரத்த அணுக்களும் அல்புமினும் கடக்காது. நிமிடத்துக்கு 125 மில்லி லிட்டர் என்ற வேகத்தில் வடிவதால், பிளாஸ்மா முழுவதும் ஒரு நாளில் 60 முறை வடிகட்டப்பட்டுவிடுகிறது.

கழிவை மட்டும் பொறுக்கி வெளியேற்றினால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழும். வீட்டைச் சுத்தம் செய்ய ஒருவர் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துவைப்பது போன்ற முறை இது, வீண்வேலையாகத்தான் தோன்றும். ஆனால் இதில் ஒரு பெரும் அறிவு இருக்கிறது. வேண்டாதவற்றின் பட்டியலுக்கு முடிவில்லை. புதிய நச்சு, புதிய மருந்து, இதுவரை உடல் சந்தித்திராத வேதிப்பொருள் எது வந்தாலும் அதை அடையாளம் காணச் சிறுநீரகத்துக்குத் தனிக் கருவி தேவையில்லை. வேண்டியவற்றின் பட்டியல் சிறியது. அதை மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதும். எடுக்கப்படாதது தானாகப் போய்விடும்.

சில பொருள்களைச் சிறுநீரகம் வடிகட்டுவதோடு நிற்காமல் தானும் தள்ளிவிடுகிறது. பென்சிலின் அதில் ஒன்று. 1941இல் ஆக்ஸ்போர்டில் முதன்முதலாக அதைப் பெற்ற நோயாளிகளில் ஒருவரான ஒரு காவலருக்கு, கைவசம் இருந்த மருந்து தீரத் தொடங்கியபோது, அவர் சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி செலுத்தினார்கள். தேறிவந்தவர், மருந்து முழுக்கத் தீர்ந்ததும் இறந்துபோனார். உடல் மீட்க மறுத்ததை மனிதர்கள் மீட்க முயன்ற நிகழ்ச்சி அது.

வடிந்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு முதல் வளைகுழலிலேயே திரும்பிவிடுகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு நாளில் வடியும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. வெளியே போவது நாம் சாப்பிட்ட சில கிராம் மட்டுமே. சிறுநீரகம் எரிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இந்த உப்பை மீட்பதற்கே செலவாகிறது.

சர்க்கரையை இங்கே மீட்கும் புரதம் நமக்குப் புதிதல்ல. குடலில் சோடியத்தோடு குளுக்கோஸைச் சேர்த்து எடுக்கும் புரதத்தின் நெருங்கிய உறவு அது. அதன் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை 100 மில்லி லிட்டருக்கு 180 மில்லி கிராமைத் தாண்டும்போது எடுக்க முடியாமல் மிஞ்சியது சிறுநீரில் இறங்குகிறது. நீரையும் உடன் இழுக்கிறது. நீரிழிவில் அடிக்கடி சிறுநீர் போவதும் தாகமும் இதன் விளைவு. இந்தப் புரதத்தைத் தடுக்கும் மாத்திரைகள் இன்று நீரிழிவுக்குத் தரப்படுகின்றன. உடல் மீட்கத் துடிக்கும் சர்க்கரையை வேண்டுமென்றே விட்டுவிடச் செய்யும் மருந்து இது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது பாதுகாப்புத் தருகிறது என்பது பெரிய ஆய்வுகளில் தெரிந்துள்ளது.

அடுத்து ஹென்லே வளைவு. குழல் சிறுநீரகத்தின் உள்பகுதிக்குள் ஆழமாக இறங்கி, திரும்பி, மேலேறுகிறது. இறங்கும் கை நீரை விடும். ஏறும் கை உப்பை வெளியேற்றும், நீரை விடாது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் உள்பகுதியின் உப்புச்செறிவு ஆழம் செல்லச் செல்லக் கூடி, பிளாஸ்மாவைப்போல் நான்கு மடங்கு வரை ஏறுகிறது. கடைசியில் சேகரிப்பு நாளம் இந்த உப்புச்சுவருக்கிடையே இறங்குகிறது. மூளையடிச் சுரப்பி விடும் ஹார்மோன் வந்தால் அந்த நாளத்தின் சுவர் நீருக்குத் திறக்கிறது. நீர் வெளியே இழுக்கப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. இல்லையென்றால் நீர்த்த சிறுநீராகவே இறங்குகிறது. உடலிலிருந்து பிரித்து இயங்கவைத்த சிறுநீரகம் நீர்த்த சிறுநீரையே தரும், அந்தச் சுரப்பியின் சாற்றைச் சேர்த்ததும் செறிவாக்கும் என்று 1920களில் வெர்னி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து காட்டியவரும் ஸ்டார்லிங்தான். மது அந்த ஹார்மோனை அடக்குகிறது. குடித்த பின் அடிக்கடி எழுந்துபோவதும் மறுநாள் நாக்கு வறள்வதும் அதனால்.

அந்த நான்கு மடங்கே மனிதச் சிறுநீரகத்தின் எல்லை. கடல்நீரின் உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரைச் செலவிட வேண்டியிருக்கும். ஆகவே கடல்நீரைக் குடித்தவருக்குத் தாகம் கூடுமே தவிரத் தணியாது.

சேகரிப்பு நாளத்தைத் தாண்டிய பிறகு நிலைமை நேர்மாறு. இனி எதையும் திரும்ப எடுக்கக் கூடாது. சிறுநீர்க்குழாய் 25 சென்டி மீட்டர் நீளத் தசைக்குழல்; அலையலையாகச் சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளும். அதன் குறுகலான இடங்களில் கல் மாட்டும்போது வரும் வலி விலாவிலிருந்து தொடையிடுக்கு வரை இழுக்கும். சிறுநீர்ப்பையின் சுவருக்குள் அது சாய்வாக நுழைகிறது. பை நிரம்பும்போது அந்தச் சாய்வே அழுந்தி மூடிக்கொண்டு, சிறுநீர் மேலேறாமல் தடுக்கிறது. பையின் உட்படலம் உடலின் மிக இறுக்கமான படலங்களில் ஒன்று. யூரியாவையும் அமிலத்தையும் மணிக்கணக்கில் தாங்கியும் உள்ளே விடாது. 150 மில்லி லிட்டர் அளவில் முதல் உணர்வு வரும். 400, 500 வரை பொறுக்கும். பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயான சிறுநீர்ப் புறவழி பெண்களுக்குச் சுமார் 4 சென்டி மீட்டர்தான் என்பதால் கிருமி எளிதில் மேலேறுகிறது; நீர்க்கடுப்பு அவர்களை அதிகம் வாட்டக் காரணம் இந்த அளவுதான். சுத்தக்குறைவு என்று அவர்கள்மேல் பழி போடுவது அநியாயம்.

உடலை ‘கழுவும்’ பானங்கள் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாளுக்கு 60 முறை பிளாஸ்மாவை வடிகட்டும் உறுப்புக்கு வெளியிலிருந்து கழுவல் தேவையில்லை. அளவுக்கு மீறி நீரைக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, மூளை செல்கள் வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகத்துக்கு உண்மையில் தேவைப்படுவது உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பதும், வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நாள்கணக்கில் விழுங்காமல் இருப்பதும்தான்.

நெஃப்ரான்களில் பாதிக்கு மேல் அழிந்தாலும் வெளியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எஞ்சியவை கூடுதல் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் தாமதமான சேதி. அதற்கு முன்பே குளோமருலஸின் பிளவுகள் தளர்ந்து அல்புமின் கசியத் தொடங்குகிறது. கசிவு பெருகும்போது சிறுநீரில் நுரை நிற்கும், கண் இமைகள் காலையில் உப்பும். ஆரம்பக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. சிறுநீரில் அல்புமின் அளவைப் பார்க்கும் எளிய சோதனையில் தெரியும். நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கிரியாட்டினினோடு இதையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தில் தொடங்கும் சிகிச்சையால் நெஃப்ரான்களின் இழப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும்.